உஷார்! இளைத்த கோழியைத் தூக்கி அடுப்படியில் வைக்காதீர்கள்

ஒரு கோழி கூட்டத்தை விட்டு விலகி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியும் திறந்தும் சுவரோரம் நிற்கிறது. தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. ஆந்திர எல்லையோர விஜயபுரம் மண்டலத்து வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான். நகரியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணியிலும் இதே கதைதான். வீட்டம்மா அதைப் பரிவோடு தூக்கிவந்து அடுப்படி மூலையில் கூடை போட்டுக் கவிழ்ப்பார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தடவிக் கொடுப்பார்கள். மெடிக்கலில் வாங்கிய கேப்சூல் ஒன்று சோற்றில் கலக்கப்படும். இரண்டு நாளில் தேறாவிட்டால், "செத்தா வீணாப் போயிடும்ப்பா, இன்னிக்கே அறுத்துடலாம்" என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார். இல்லையென்றால் கூடை கட்டிய பைக்கில் வரும் வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

எல்லாமே ஆபத்து. அறுப்பதும் விற்பதும் பேராபத்து.

2025 மார்ச்சில் நம் மாநிலமான ஆந்திராவின் பல்நாடு மாவட்டம் நரசராவுப்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. எச்5என்1 பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. வீட்டில் கறி நறுக்கும்போது பச்சைத் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கோதாவரி மாவட்டங்களில், தணுக்குப் பக்கமும் பெரவலி பக்கமும், பண்ணைக் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. போபாலில் உள்ள ஆய்வகம் அங்கேயும் எச்5என்1 என்றது. அதற்கும் முந்தைய ஆண்டு, 2024 பிப்ரவரியில், திருப்பதியைத் தாண்டினால் வரும் நெல்லூர் மாவட்டத்தில் இதே நோய். கோதாவரி நமக்குத் தூரம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். நெல்லூரை அப்படிச் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எல்லாக் கோழிக்கும் பறவைக் காய்ச்சல் என்று கிலி பிடித்து அலைய வேண்டாம். இளைத்துப்போன பத்துக் கோழியைக் கொண்டுவந்தால் அதில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் புழு இருக்கும், உடம்பில் உண்ணி இருக்கும், அல்லது தின்னும் தீனியில் கோளாறு இருக்கும். பறவைக் காய்ச்சல் வாரக்கணக்கில் இளைக்கவிட்டுக் கொல்லாது. நேற்று நன்றாக மேய்ந்த கோழி இன்று கிடக்கும். கொண்டை நீலம் பாயும், தலை வீங்கும், கால் செதில்களுக்கு நடுவே ரத்தத் திட்டு தெரியும். சில சமயம் எந்த அடையாளமும் இல்லாமலே காலையில் கூண்டுக்குள் மூன்று நான்கு செத்துக் கிடக்கும். ஆகவே முதல் கேள்வி: இந்தக் கோழி மெல்ல மெல்ல இளைத்ததா, திடீரென்று படுத்ததா? ஒன்றா, பலவா? இதற்குப் பதில் தெரியாமல் தீனியும் மருந்தும் போட்டுத் தேற்றக் கிளம்புவதுதான் இந்தக் கட்டுரை கைநீட்டி மறிக்க நினைக்கும் காரியம்.

திடீரென்று பல கோழிகள் படுத்தால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை. தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கால்நடைகளுக்கான இலவச அழைப்பு எண் அது. ஆந்திராவிலும் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. "அரசாங்கத்துக்குச் சொன்னா இருக்கிற கோழியையும் பிடிச்சுக் கொன்னுடுவாங்க" என்ற பயத்தில் மூடி மறைப்பவர்கள் உண்டு. நோய் உறுதியானால் சுற்றியுள்ள 1 கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிப்பார்கள் என்பது நிஜம். அப்படி அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு உண்டு என்பதும் நிஜம். ஏற்கெனவே செத்துப்போன கோழிக்குத்தான் கிடையாது. தாமதித்தால் நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஒன்றே ஒன்றுதான் சோர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே பிரித்து வையுங்கள். அடுப்படியில் வேண்டாம், படுக்கை அறையில் வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் தாழ்வாரத்தில் வேண்டாம். மற்றக் கோழிகள் நெருங்க முடியாத, காற்றோட்டமுள்ள, மழையும் வெயிலும் அடிக்காத ஓர் இடம். மாட்டுக்கொட்டகையின் மறுகோடி போதும். கீழே உலர்ந்த வைக்கோலோ உமியோ பரப்புங்கள், ராத்திரிக்குச் சாக்கு மறைப்புக் கட்டுங்கள். இளைத்த கோழிக்குப் பசியைவிடக் குளிர்தான் முதல் எதிரி. இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பையும் உடம்புச் சூட்டைக் காக்கவே செலவழித்துவிடும். தண்ணீர்ச் சட்டியும் தீனித் தட்டும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். காலையில் ஆரோக்கியமான கோழிகளுக்கு முதலில் தீனி போடுங்கள், நோய்க்கோழியைக் கடைசியாகப் பாருங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், செருப்பையும் கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். வெள்ளைக் கழிச்சல் கிருமிகூட மனிதனுக்குக் கண்வலி கொடுக்கும். நோய்க்கோழியைக் கையாண்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால், டாக்டரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது கோழி விஷயத்தைத்தான். அவராகக் கேட்கமாட்டார்.

வெள்ளைக் கழிச்சல் என்றேன். நம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் கொக்கெர தெகுலு என்கிறார்கள், புத்தகத்தில் ராணிக்கெட். 1920களின் கடைசியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட் ஊரில் இந்தியாவில் அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். இறக்கை தொங்கும். பிழைத்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், தலை முதுகுப்பக்கம் திரும்பிவிடும். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. "போன வருஷம் இந்த மாத்திரைல சரியாச்சே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கோழி தானாகப் பிழைத்தது, பெயர் மாத்திரைக்குப் போனது. வெள்ளைக் கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அனுபவப்பட்ட கால்நடை மருத்துவராலும் முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் சொல்வார்கள்.

வெள்ளைக் கழிச்சலுக்கு வெயில் காலம் கொண்டாட்டம். நம் ஊர்ப்பக்கத்துக் கெங்கையம்மன் ஜாத்திரைகளும் அதே வெயிலில்தான் வருகின்றன. திருப்பதி தாத்தய்யகுண்டா கெங்கம்மா ஜாத்திரை மே மாதத்தில். நேர்ந்துவிட்ட சேவல் ஒரு ஊரில் வளர்ந்து, சந்தையில் கைமாறி, இன்னொரு ஊரில் பலியாகும். ஜாத்திரைக்கு முந்தைய வாரங்களில் எந்தக் கோழிக்கும் விலை கிடைக்கும். சோர்ந்த கோழிக்கும் கிடைக்கும். கொண்டாட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தையில் வாங்கிய கோழியை அன்றே வீட்டுக் கூண்டில் அடைப்பது, பக்கத்து ஊர்க் கழிச்சலைக் காசு கொடுத்து வாங்கிவருவது. புதுக்கோழி எதுவானாலும் மூன்று வாரம் தனியே இருக்கட்டும். வியாபாரியின் கூடையை உங்கள் வாசலில் இறக்கவிடாதீர்கள், அவரே கூண்டுக்குள் கைவிட்டுக் கோழி பிடிக்கவும் விடாதீர்கள். அவருடைய கையும் கூடையும் காலையிலிருந்து எத்தனை ஊர்க் கோழியைத் தொட்டன என்று அவருக்கே தெரியாது.

கிருமி நுழைய இன்னொரு வழியும் இருக்கிறது; பலர் இதை யோசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் பிராய்லர் வாங்குகிறோம். கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றுகிறோம், குடலையும் தோலையும் குப்பைமேட்டில் போடுகிறோம். நம் வீட்டுக் கோழிகள் ஓடிவந்து கொத்துகின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கழிச்சல் கிருமி பச்சைக் கறிக்கழிவில் தாராளமாக உயிரோடிருக்கும். கழிவைப் புதையுங்கள். தண்ணீரைக் கோழி எட்டாத இடத்தில் ஊற்றுங்கள்.

இப்போது மெல்ல இளைக்கும் கோழிக்கு வருவோம். ராத்திரி கூண்டடைந்த பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மார்பைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஓடும் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை திரண்டு இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனை போல விரலில் தட்டினால் அந்தக் கோழி பல வாரங்களாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கொண்டையையும் கண்ணின் உள் இமையையும் பாருங்கள். வெளுத்திருந்தால் எதுவோ ரத்தம் குடிக்கிறது. விடியற்காலையில் தீனி போடுவதற்கு முன் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி தின்றது இறங்கிக் காலியாக இருக்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் நாரோ, கயிறோ, பிளாஸ்டிக் உறையோ அடைத்திருக்கலாம். தளதளவென்று தண்ணீர் கட்டிப் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை. அந்த நேரத்தில் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழியும் ஒரு 'கைவைத்தியம்' இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், புளித்த நீர் மூச்சுக்குழலில் இறங்கி உங்கள் கையிலேயே உயிர் போகும்.

இளைத்ததெல்லாம் நோயும் அல்ல. அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாளும் ஒழுங்காகத் தின்னாது. எழும்போது இளைத்துத்தான் இருக்கும், குஞ்சோடு மேய்ந்து தானாகத் தேறும். இறகு உதிர்க்கும் காலத்திலும் அப்படித்தான். கூட்டத்தில் கடைசிக் கோழியாக இருந்து, மற்றவை கொத்தி விரட்டுவதால் பட்டினி கிடப்பதும் உண்டு. அதற்கு மருந்து இன்னொரு தீனித்தட்டு.

புழு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குப்பைமேடு கிளறும் கோழிக்குப் புழு இல்லாமல் இருக்காது. உருண்டைப்புழு எச்சத்தின் வழியாகப் பரவும். நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ வழியாக உள்ளே போகும். அதன் துண்டுகள் எச்சத்தில் வெள்ளை அரிசிமணி அளவில் தெரியும். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் பைப்பரசின் உருண்டைப்புழுவுக்குத்தான் வேலை செய்யும். நாடாப்புழு அதைக் கண்டுகொள்ளாது. வேறு மருந்து வேண்டும். எலும்பும் தோலுமான கோழிக்குப் பெரிய அளவில் ஒரே மூச்சாகக் கொடுத்தால் செத்த புழுக்கள் குடலையே அடைத்துவிடுவதும் உண்டு. எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு. எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது புழு அல்ல, ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் வரும். தாமதித்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

உண்ணிதான் உண்மையான திருடன். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மண்சுவர் வெடிப்பு, மூங்கில் கூடைப் பின்னல், கூண்டுப் பலகை இடுக்கு என்று ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடித்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். டார்ச் அடித்து நடுராத்திரியில் பார்த்தால்தான் தெரியும். இந்த மென்னுண்ணி ஒரு வருடத்துக்கு மேலேயும் பட்டினி கிடந்து தாங்கும். ஆகவே கோழி இல்லாமல் ஆறு மாதம் பூட்டிவைத்த பழைய கூண்டு என்று நம்பிப் புதுக்கோழியை விடாதீர்கள். ரத்தம் குடிப்பதோடு நிற்பதும் இல்லை. ஒருவகைக் காய்ச்சலையும் ஏற்றும். பச்சையாகக் கழிந்து, கால் விழுந்து, வெள்ளைக் கழிச்சல் என்றே எல்லோரும் நினைத்துக் கைவிட்டுவிடுவார்கள். அதற்கு மருந்து இருக்கிறது என்பதுதான் வேதனை. நேரத்தில் மருத்துவர் பார்த்தால் ஊசியில் தேறும்.

உண்ணியை ஒழிக்க என்ன செய்கிறார்கள்? இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. மாந்தோப்புக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து கோழியை முக்கி எடுக்கிறார்கள். உடம்பில் ஒட்டிய உண்ணி சாகும்; அன்று மாலையே கோழியும் வாயில் நுரை தள்ளும். பிழைத்த கோழியின் முட்டை யார் தட்டுக்குப் போகிறது? மரச்சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து ஒரு குழியில் போட்டுவையுங்கள், கோழி தானே புரண்டு குளிக்கும். பேன் குறையும். உண்ணிக்குக் கோழியைவிடக் கூண்டுக்குத்தான் வைத்தியம் தேவை: கோழிகளை வெளியே மாற்றிவிட்டு, இடுக்குகளைத் தீயால் வாட்டி, வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். மூங்கில் கூடை பழசென்றால் எரித்துவிடுங்கள். மருந்து அவசியமென்றால் கோழிக்கென்று உள்ளதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

இனி, நம் சித்தூர் மாவட்டப் பக்கத்து ஆபத்து ஒன்று. வேர்க்கடலை.

இளைத்த கோழியைத் தேற்ற நம்மவர்கள் முதலில் தேடுவது கடலைப் பிண்ணாக்கு. நல்ல பிண்ணாக்கு அருமையான தீனி, புரதம் நிறைந்தது. ஆனால் கோழிக்கு யாரும் நல்ல பிண்ணாக்கைப் போடுவதில்லை. மாட்டுக்கு ஆகாதது, மழையில் நனைந்து கட்டி கட்டியானது, பூசணம் பிடித்த சொத்தைக் கடலை, இவைதான் கோழிக்கு வருகின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் திகைத்து, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்ஸின் உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற மனிதர்கள் நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள்.

கோழி வான்கோழியைவிடக் கொஞ்சம் தாங்கும். அதுவே வினை. உடனே சாகாது. தின்னத் தின்ன இளைக்கும், முட்டை குறையும், ஈரல் மஞ்சளித்து வீங்கும், நோய் எதிர்ப்புச் சக்தி கரையும். தடுப்பூசி போட்டிருந்தாலும் பிடிக்காது. "ஊசி போட்டும் செத்துப்போச்சே" என்று மருத்துவமனையைத் திட்டுவோம். தேற்றுவதற்காகப் போடும் பிண்ணாக்கே இளைக்க வைத்துக்கொண்டிருக்கும், நாமோ இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவோம். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தால் பூசணம் உதிரும், நஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும். முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை, பச்சை, கருப்புப் புள்ளி, விரலில் தூள் ஒட்டுவது எதுவாயினும் மண்ணில் புதையுங்கள். மாட்டுக்கும் மாற்றிப் போடாதீர்கள், பாலில் வரும்.

அதே கடலையில் இரண்டாவது கண்ணி ஒன்று. ஆனி, ஆடி விதைப்புக்கு விதைநேர்த்தி செய்வோம்; பூச்சிக்கும் பூசணத்துக்கும் எதிராக மருந்து தடவிய பருப்பு. விதைத்து மிச்சமானதைக் கொல்லையில் கொட்டுவது, சாக்கை உதறுவது, விதைத்த நிலத்தில் அன்றே கோழி மேய்வது எல்லாம் நடக்கும். மருந்து ஏறிய விதையைத் தின்ற கோழி தள்ளாடி விழும். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று சண்டைகூட நடக்கும். சாக்கை வாசலில் உதறாதீர்கள்.

கேப்சூல் விவகாரத்துக்கு வருகிறேன். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கைப் பிரித்துக் கோழிக்குக் கொடுப்பது வெள்ளைக் கழிச்சலுக்கு உதவாது, புழுவுக்கு உதவாது, உண்ணிக்கு உதவாது, பூசண நஞ்சுக்கு உதவாது. இளைப்பின் பெருங்காரணங்கள் நான்கிலும் பயன் பூஜ்யம். ஆனால் முட்டையிலும் கறியிலும் மருந்து தங்கும், அதைத் தாங்கப் பழகிய கிருமி நம் வீட்டுக்கே திரும்பிவரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீனியில் கலந்து வந்தார்கள் என்பதால்தான், 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. பண்ணைக்காரர் மட்டும் திருந்தினால் போதாது.

மூலிகை? சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் இத்தகைய மரபு மருந்துகளை ஆராய்ந்து பரிந்துரைத்திருக்கிறார்கள். கொடுங்கள், பசியெடுக்கும். தடுப்பூசிக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்காதீர்கள். திரவம் எதையும் அலகைப் பிளந்து ஊற்றாதீர்கள். நாக்கின் வேருக்குப் பின்னாலேயே மூச்சுத் துளை இருக்கிறது. வேப்பெண்ணெய், பால், கஷாயம் எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அது தானே விழுங்கும்.

காரணம் பிடிபட்டு, மருந்தும் ஆரம்பித்துவிட்டதென்றால் இனி தேற்றலாம். முதல் நாள் தீனியைவிடத் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். கரைசல் கொஞ்சம், இல்லாவிட்டால் வெல்லமும் சிட்டிகை உப்பும் கலந்த நீர். சிட்டிகைதான், கருவாட்டுத் தலை, ஊறுகாய், உப்புப் போட்ட பழையது கோழிக்கு விஷம். அடுத்த நாளிலிருந்து வேகவைத்த முட்டையை நசுக்கி, குழைய வெந்த நொய்யோடு கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நான்கைந்து வேளை. பிறகு ஊறவைத்த கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை. ஒரே நாளில் தீனிப்பை புடைக்கத் திணிக்காதீர்கள், பட்டினி கிடந்த குடல் தாங்காது. கரையான் பிடிக்கும் பழைய யுத்தியை நம் பாட்டிகள் அறிவார்கள்: உடைந்த பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். இதைவிடச் சத்தான, காசில்லாத தீனி கோழிக்கு வேறில்லை. மருந்தடித்த நிலத்தில் மட்டும் பானையைக் கவிழ்க்காதீர்கள். வாரம் ஒருமுறை பைக்குள் போட்டுத் தொங்கு தராசில் எடை பாருங்கள். தேறுகிறதா என்பதற்குக் கண் சாட்சி போதாது. இரண்டு வாரம் பார்த்தும் எடை ஏறாவிட்டால் மறுபடி மருத்துவர்தான். திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அங்கேதான். நம்மிடமிருந்து ஒரு பஸ் பயணம்.

அத்தனை செய்தும் செத்துப்போனால் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதையுங்கள். ஓடையில் வீசுகிறவர்கள் நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது என்பதையும், சென்னை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. நல்லது செய்யப்போய்ப் பலர் விழும் குழி இது. இளைத்த கோழியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவது ஊசிக்குத்தான். இறக்கையில் போடும் ஆர்2பி ஊசி உயிருள்ள கிருமியால் ஆனது. 8 வாரம் ஆன, திடமான கோழிக்கு. தெம்பில்லாத கோழிக்குப் போட்டால் ஊசியே காலை முடக்கிவிடும், நோயில் இருப்பதை முடித்தும் விடும். இளைத்ததை நிறுத்தி வைத்துவிட்டு, ஆரோக்கியமாகத் தெரியும் மற்றக் கோழிகளுக்கு முதலில் குடற்புழு நீக்கி, ஒரு வாரம் கழித்து ஊசி போடுங்கள். குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. தேறிய கோழிக்கு எடை திரும்பிய பிறகு. மருந்துக் குப்பியை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் எடுத்துவர வேண்டும். சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் 100 கோழிக்கு மருந்து இருக்கும், உங்களிடம் ஆறு கோழிதான் என்றால் தனியாகப் போய்ப் பயனில்லை. தெருவே பேசி ஒரு நாள் குறித்து, வெயில் ஏறுமுன், கூண்டைத் திறக்காமல் வைத்துக்கொண்டு கால்நடை உதவியாளரைக் கூப்பிடுங்கள். வெயில் காலமும் ஜாத்திரையும் தொடங்குமுன், மாசி மாதத்திலேயே.